பாகற்காயும் பழ ஈயும் ஒரு காம்பவுண்டு சுவரும்

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, காபி கூட முழுசா உள்ள போகல, சமையல்கட்டுலேர்ந்து அம்மா போட்ட சத்தத்துல கையில இருந்த போனைப் போட்டுட்டு ஓடினேன். கேஸ் லீக்கா, பல்லியா, என்னன்னு பார்த்தா... அருவாமனை பக்கத்துல ரெண்டா பிளந்து கிடக்குது ஒரு பாகற்காய். உள்ள வெள்ளையா, அரிசி நீளத்துக்கு, ஏழெட்டுப் புழு நெளியுது. அதுல ஒண்ணு உடம்பை வில்லு மாதிரி வளைச்சு, டக்குன்னு துள்ளி அம்மா கை மேல விழுந்திருக்கு.

"புழுன்னா ஊரும், நெளியும். இது குதிக்குதுடா!" அம்மாவுக்கு இன்னும் பயம் தெளியல.

அப்பா வந்து பார்த்தார். புழுவைப் பார்த்தார், ஜன்னல் வழியா பக்கத்து வீட்டைப் பார்த்தார். "எல்லாம் அந்தக் கொய்யா மரத்தால வர்றது"ன்னார். அவ்ளோதான், போயிட்டார்.

இந்தப் பதிவு அந்தக் குதிச்ச புழுவைப் பத்தினது. அப்பா பார்த்த அந்தப் பார்வையைப் பத்தினதும்தான்.

*

எங்க வீடு திருமுல்லைவாயில்ல. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவுல. ராஜாவோட யானை முல்லைக்கொடியில கால் சிக்கி நின்னுச்சுன்னு தலபுராணம் சொல்ற ஊரு. இப்பல்லாம் யானை சிக்கற அளவுக்குக் கொடி எங்க இருக்கு? இருக்கற ஒண்ணு ரெண்டும் மொட்டை மாடியில பந்தல்ல ஏறினாத்தான் உண்டு. அப்படி எங்க மாடியில ஏறினதுதான் இந்தப் பாகல்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல டூல் ரூம்ல 31 வருஷம் வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆன மறுநாள் காலையில ஆறு மணிக்குக் குளிச்சு, சட்டை போட்டு, வாசல்ல வந்து நின்னுட்டு, எங்கே போறதுன்னு தெரியாம மறுபடி உள்ள வந்தார். அதைப் பார்த்தது நான் ஒருத்தன்தான். அவருக்குத் தெரியாது நான் பார்த்தேன்னு. அதுக்கப்புறம் ஒரு மாசம் வீட்ல பேச்சே இல்ல. பிறகு யாரோ குடுத்த ரெண்டு தக்காளி நாத்துல ஆரம்பிச்சு, மாடி முழுக்கத் தொட்டி ஆயிடுச்சு. கத்தரி, வெண்டை, பாகல். அம்மாவோட துளசி மாடமும் அங்கதான். அப்பா திரும்பவும் பேச ஆரம்பிச்சார். முக்கால்வாசி செடிகிட்டதான், ஆனாலும் பேச்சு பேச்சுதானே.

பக்கத்து வீட்டு அங்கிள் ஆவடி டேங்க் ஃபேக்டரியில இருந்தவர். ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல மனை வாங்கி, ஒரே கொத்தனாரை வெச்சு வீடு கட்டினவங்க. நடுவுல இருக்கற காம்பவுண்டு சுவர் கூட ஆளுக்குப் பாதி காசு. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தச் சுவத்துல ஆளுக்கொரு பக்கம் சாஞ்சுக்கிட்டு கிரிக்கெட், அரசியல், சுகர் மாத்திரைன்னு உலக விஷயம் பேசுவாங்க.

அதெல்லாம் போன பங்குனி வரைக்கும். அங்கிள் வீட்டுக் கொய்யா மரத்தோட ஒரு பெரிய கிளை சுவர் தாண்டி எங்க பக்கம் வந்திருந்துச்சு. பழம் விழுந்து அழுகி, புழு வெச்சுக் கிடக்கும். அதுக்கு முந்தின வருஷம் எங்க பாகல் முக்கால்வாசி அழுகிப் போச்சு. ரெண்டுலயும் புழு. அப்பா ரெண்டையும் ரெண்டையும் கூட்டிப் பார்த்தார், நாலுன்னு வந்துச்சு. அங்கிள் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் ரம்பத்தை எடுத்துக் கிளையை வெட்டிட்டார். கேக்காம.

திரும்பி வந்த அங்கிள் கத்தல, சண்டை போடல. வெட்டின இடத்தை ஒரு நிமிஷம் தடவிப் பார்த்தார். "அது என் பொண்ணு நட்ட மரம்யா"ன்னு மட்டும் சொன்னார். அந்தப் பொண்ணு கல்யாணம் ஆகி வெளிநாடு போய் ஆறு வருஷம் ஆச்சு. அன்னைலேர்ந்து சுவர் சும்மா இருக்கு.

*

கிளை வெட்டினதுக்கு அப்புறமும் இந்த வருஷம் பாகல்ல புழு. இது ஒண்ணே எனக்கு உறைச்சிருக்கணும். பக் இருக்குன்னு ஒரு ஃபங்ஷனைத் தூக்கிட்டோம், பக் அப்படியே இருக்குன்னா என்ன அர்த்தம்? தப்பான ஃபங்ஷனைத் தூக்கியிருக்கோம்னு அர்த்தம். ஆபீஸ்ல இதை ஜூனியர் பசங்களுக்கு வகுப்பெடுப்பேன். வீட்ல தோணல.

அதுக்குப் பதிலா நான் பண்ணது ஆன்லைன்ல பழ ஈப் பொறி ஆர்டர் பண்ணினது (பிரச்சினையைப் புரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி டூல் வாங்கறது நம்ம இனத்தோட குணம், விடுங்க). மஞ்சள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ள மருந்து ஊறின ஒரு சின்ன மரக்கட்டை. பாகல் பந்தல் பக்கத்துலயே தொங்கவிட்டேன். மருந்தோட பேரு மெத்தில் யூஜினால்.

இந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு நம்ம ஊர்க் கதை இருக்கு. பீகார்ல பூசான்னு ஒரு ஊரு. 1905-ல் வெள்ளைக்காரன் அங்கே ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினான். 1934 பூகம்பத்தில் அந்தக் கட்டடம் பாழாகி, 1936-ல் நிலையம் டெல்லிக்கு இடம் மாறியது. இன்னைக்கும் டெல்லியில் அந்த இடத்துக்குப் பூசான்னுதான் பேரு. பழைய பூசாவில் ஹௌலெட் என்ற பூச்சியியல் அறிஞர் இருந்தார். பக்கத்தில் குடியிருந்த ஒருத்தர் கொசு வராம இருக்க சிட்ரோனெல்லா எண்ணெய் பூசிக்கொள்ள, கொசுவுக்குப் பதிலா ஈயா வந்து மொய்த்தது. வேற யாரா இருந்தாலும் "வேற எண்ணெய் வாங்குங்க சார்"னு போயிருப்பாங்க. ஹௌலெட் அந்த ஈயைப் பிடிச்சுப் பார்த்தார். அது வீட்டு ஈ இல்லை, பழ ஈ. அதுவும் எல்லாமே ஆண் ஈ. 1912-ல் இதை எழுதினார். அந்த எண்ணெய்க்குள் ஈயை இழுக்கிற பொருள் எதுன்னு தோண்டிப் போய் 1915-ல் மெத்தில் யூஜினாலுக்கு வந்து சேர்ந்தார். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, உலகம் முழுக்க மாந்தோப்பிலும் கொய்யாத் தோப்பிலும் தொங்குற பொறிக்கு ஆரம்பம் அதுதான்.

ஆண் ஈ ஏன் இதுக்கு இப்படி அலையுது? சாப்பிடத்தான். ஆனா பசிக்கு இல்ல. மெத்தில் யூஜினாலைத் தின்ன ஆண் ஈ, அதை உடம்புக்குள்ள மாத்தி, பெண் ஈயைக் கவர்ற வாசனையா வெளியே விடுது. தின்னவனுக்கு மவுசு கூடுது. கிட்டத்தட்ட சென்ட் பூசிக்கிட்டு காலேஜ் கல்ச்சுரல்ஸ் போற மாதிரி. இந்தச் சமாச்சாரம் துளசி இலையிலயும் இருக்கு. இதை நான் பெரிய விஞ்ஞானி மாதிரி அம்மாகிட்ட சொன்னப்ப, "துளசியில சாயங்காலம் ஆனா ஒரு மாதிரி குளவிக்குட்டி மாதிரி ஈ வந்து உக்காருதுன்னு நான் உன்கிட்ட ரெண்டு வருஷமா சொல்றேன், நீ காதுல ஒயரை மாட்டிக்கிட்டு சரி சரின்னே"ன்னாங்க. ஹௌலெட் எங்க அம்மாவுக்குப் பையனா பொறந்திருக்கணும்.

இதைப் படிக்கும்போது "பழ ஈன்னா லேப்ல வளர்ப்பாங்களே, நோபல் பரிசெல்லாம் வாங்கினாங்களே, அதுவா?"ன்னு சிலருக்குத் தோணலாம். என் டீம்லயும் ஒருத்தன் கேட்டான். அது இல்லை. மார்கனுக்கு 1933-ல் நோபல் வாங்கிக் கொடுத்தது டிரோசோஃபிலா. டேபிள்ல வாழைப்பழம் கனிஞ்சா சுத்துமே, அந்தப் பொடி ஈ. அது பெரும்பாலும் ஏற்கெனவே அழுகினதைத் தேடி வரும். நம்ம ஆள் வேற குடும்பம். இவளுக்கு (பெண் ஈயைச் சொல்றேன்) பின்னால ஊசி மாதிரி ஒரு உறுப்பு இருக்கு. நல்லா இருக்கற காயோட தோலைக் குத்தி உள்ளே முட்டை வைப்பா. ஒருத்தி ஆயுசுக்கு ஆயிரத்துக்கு மேல வைக்க முடியும். ஒண்ணு ரெண்டு நாள்ல புழு, ஒரு வாரம் போல சதையைத் தின்னும், அப்புறம் காயை விட்டுத் துள்ளிக் குதிச்சு மண்ணுக்குள்ள போய்க் கூட்டுப்புழு ஆயிடும். அம்மா கையில விழுந்தது மண்ணைத் தேடிக் குதிச்ச புழு. பாவம், அது மண்ணுன்னு நெனச்சுது.

*

பொறி மாட்டின முதல் வாரம் 61 ஈ. ரெண்டாவது வாரம் 94. எக்செல்ல போட்டு, கிராஃப் எல்லாம் வரைஞ்சு அப்பாகிட்ட காட்டினேன். கோடு சும்மா ஜிவ்வுன்னு மேல போகுது.

அப்பா கிராஃபைப் பார்த்தார். "காய் எத்தனை தேறுச்சு?"ன்னார்.

ஒன்பது காய்ல ரெண்டு.

ஆபீஸ்ல டிக்கெட் எத்தனை மூடினோம்னு கணக்குக் காட்டி, கஸ்டமர் இன்னும் அழுதுக்கிட்டு இருக்கற மாதிரி ஆயிடுச்சு. சரின்னு அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க முகத்துல அசடு வழிஞ்சது.

முதல் விஷயம்: பொறியில விழறது ஆண் மட்டும். காயைக் குத்தறது பெண். ஒரு ஆண் பல பெண்ணோட சேரும். அதனால நூத்துல அம்பது ஆணைக் கொன்னாலும் மிச்ச அம்பது போதும், முட்டை குறையாது. கிட்டத்தட்ட எல்லா ஆணையும் தீர்த்தாத்தான் இந்த வைத்தியம் பலிக்கும். பசிபிக்ல ரோட்டான்னு ஒரு குட்டித் தீவு. அங்கே மெத்தில் யூஜினாலும் பூச்சிமருந்தும் ஊறின அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தீவு பூராவும் போட்டு, 1965 வாக்கில் இந்த ஈயையே இல்லாம பண்ணினார்கள். தீவு பூராவும்! நான் ஒரே ஒரு டப்பாவை மாட்டிட்டு கிராஃப் போட்டுக்கிட்டு இருக்கேன்.

ரெண்டாவது விஷயம்தான் வயித்தைக் கலக்கினது. பழ ஈ ஒரே ஈ இல்லை. கொய்யா, மாம்பழத்துக்கு வர்ற ஈ மெத்தில் யூஜினாலுக்கு மயங்கும். அதுல முக்கியமானவனுக்குப் பேரு பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். பாகல், புடலை, பீர்க்கு, பூசணின்னு கொடிக்காய்க்கு வர்றது பெரும்பாலும் வேற ஈ. ஜியூகோடேகஸ் குகர்பிடே. அது மெத்தில் யூஜினாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுக்குக் க்யூ லூர்னு வேற மருந்து.

அப்படின்னா என் பொறியில விழுந்த 155 ஈ யாரு?

*

நெட்ல படிச்சதை வெச்சு அப்பாகிட்ட போய்ப் பேச முடியாது. அவர் டூல் ரூம் ஆளு, அளந்து காட்டினாத்தான் நம்புவார். அதனால ஆராய்ச்சிக்காரங்க பண்றதையே பண்ணினேன். புழு வெச்ச பழத்தைக் கொண்டு வந்து, ஈயா வெளிய வர்ற வரைக்கும் வளர்த்துப் பார்க்கறது. எந்தக் காய்ல எந்த ஈன்னு கண்டுபிடிக்க அதைவிட நேரான வழி கிடையாது.

ரெண்டு ஹார்லிக்ஸ் பாட்டில். அடியில மணல். ஒண்ணுல எங்க அழுகின பாகற்காய். இன்னொண்ணுல சுவரோரம் எங்க பக்கம் உருண்டு வந்து கிடந்த ஒரு கொய்யா. வாயில அம்மாவோட பழைய வாயில் புடவைத் துண்டைக் கட்டி ரப்பர் பேண்ட். "இனிமே அந்தப் பாட்டிலை என் சமையல்கட்டுல பார்த்தேன்னா..."ன்னு அம்மா எச்சரிக்கை விட்டதால மாடிப்படிக்குக் கீழ பதுக்கி வெச்சேன். மூணு நாலு நாள்ல புழுவெல்லாம் மணல்ல இறங்கிடுச்சு. அப்புறம் ஒண்ணும் இல்ல. தினமும் ஆபீஸ் கிளம்பறப்ப ஒரு பார்வை, வந்து ஒரு பார்வை. பன்னெண்டாவது நாள் கொய்யா பாட்டில்ல ஈ. அதுக்கு அடுத்த நாள் பாகல் பாட்டில்ல.

போன் கேமரால மேக்ரோ போட்டுப் பார்த்தேன். கொய்யாவில வந்ததுக்கு இறக்கை கண்ணாடி மாதிரி, மேல் ஓரத்துல மட்டும் மெல்லிசா ஒரு கோடு. பாகல்ல வந்ததுக்கு இறக்கையில பட்டை பட்டையா பழுப்பு, நுனியில ஒரு தீற்றல். சந்தேகமே இல்ல. ரெண்டு வேற ஆளு. பொறியில செத்துக் கிடந்ததை எல்லாம் பேப்பர்ல கொட்டிப் பார்த்தேன். எல்லாமே கண்ணாடி இறக்கை. பட்டை போட்டது ஒண்ணு கூட இல்ல.

அதாவது, எங்க பாகல்ல புழு வெச்சது கொய்யா மரத்து ஈ இல்ல.

அப்ப எங்கேர்ந்து வந்தது? மாடியில நின்னு சுத்திப் பார்த்தேன். ரொம்ப தூரம் பார்க்க வேண்டியிருக்கல. சுவர் ஓரமா அப்பாவோட நீலக்கலர் உரத் தொட்டி. மூடி கிடையாது. ரெண்டு வருஷமா அழுகின பாகற்காய் ஒவ்வொண்ணையும் பத்திரமா அதுலதான் போட்டுக்கிட்டு வர்றோம். புழு கேக்கறது என்ன? சாப்பிட அழுகின காய், தூங்க ஈர மண்ணு. ரெண்டையும் ஒரே டிரம்ல போட்டு, தண்ணியும் தெளிச்சு வளர்த்திருக்கோம். சின்னத் தொட்டி, புழு சாகற அளவுக்குச் சூடும் ஏறாது. பழ ஈ ஃபேக்டரி எங்க வீட்லதான் ஓடிக்கிட்டு இருந்திருக்கு, மூணு ஷிஃப்ட்டும்.

சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆன்ட்டியோட புடலங்காய்ப் பந்தல். நேராத் தொங்கறதுக்காக நுனியில கல்லு கட்டி விட்டிருப்பாங்க. அன்னைக்கு எட்டிப் பார்த்தப்ப பாதிக் காய் மஞ்சளா வெம்பி, கோணலா, குத்தின இடத்துல பிசின் வடிஞ்சு தொங்குது. கல்லு மட்டும் நேரா இருக்கு.

*

இந்த ஈயால பெரிய பெரிய ஆட்களே மாட்டியிருக்காங்க. 2014 மே மாதம் முதல் ஐரோப்பிய யூனியன் நம்ம ஊர் மாம்பழத்தோட கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகிய நாலையும் உள்ளே விட மாட்டேன்னு தடை போட்டது. அதுக்கு முந்தின வருஷம் இந்தியாவிலிருந்து போன சரக்குகளில் 207-ல் பழ ஈ மாதிரியான பூச்சிகளைப் பிடித்திருந்தார்கள். மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் விலகியது. ஜப்பான்காரன் இருபது வருஷம் நம்ம மாம்பழத்தை வாங்காம இருந்து, பழத்தை நீராவிச் சூட்டில் வெச்சு உள்ளே இருக்கற புழுவைக் கொன்னு அனுப்பறோம்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் 2006-ல் கதவைத் திறந்தான். அமெரிக்காவுக்கு 2007-ல் போனப்ப கதிர்வீச்சு காட்டி அனுப்பினாங்க.

இன்னொரு கதை. 2003-ல் கென்யாவில் புதுசா ஒரு பழ ஈ தென்பட்டது. ஆப்பிரிக்கா பூராவும் பரவி மாம்பழத்தை நாசம் பண்ணியது. 2005-ல் புது இனம்னு பேரு வெச்சாங்க: பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ், படையெடுத்து வந்தவன்னு அர்த்தம். இலங்கையில பிடிச்ச ஈக்களும் அதே மாதிரி இருந்தது. பத்து வருஷம் கழிச்சு, 2015-ல், மரபணுவிலிருந்து வாசனை வரைக்கும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு, "இது புதுசு இல்லை, பழைய டார்சாலிஸ்தான்"னு முடிவு பண்ணினாங்க. எந்த ஈன்னு சரியாச் சொல்றது படிச்சவங்களுக்கே பத்து வருஷ வேலை. எங்க அப்பா ஒரு மதியத்துல முடிச்சிட்டார்.

ஆனா என்னை உக்கார வெச்சது ஒக்கினாவா கதைதான். ஜப்பானோட தெற்குக் கோடித் தீவுகள். அங்கே பாகற்காய்தான் ஊருக்கே அடையாளம், கோயான்னு சொல்வாங்க. நம்ம மாடிக்கு வந்த அதே பட்டை இறக்கை ஈ அங்கேயும் இருந்ததால, ஒக்கினாவாப் பாகற்காயை ஜப்பானோட மற்ற பகுதிகளுக்கு அனுப்பவே முடியாது. க்யூ லூர், மெத்தில் யூஜினால் அளவுக்கு இழுக்காது. அதனால ஆணைக் கொன்னு தீர்க்கிற வித்தை மட்டும் பத்தாது. வேற வழி பிடிச்சாங்க. ஃபேக்டரி கட்டி, ஈயைக் கோடிக்கணக்கில் வளர்த்து, கூட்டுப்புழுவா இருக்கும்போது கதிர்வீச்சு காட்டி மலடாக்கி வெளியே விட்டாங்க. மலட்டு ஆணோட சேர்ந்த பெண் வைக்கிற முட்டை பொரியாது. 1972-ல் கூமேன்னு ஒரு சின்னத் தீவில் ஆரம்பிச்சு, ஒவ்வொரு தீவா நகர்ந்து, 1993-ல் கடைசித் தீவு வரைக்கும் முடிச்சாங்க. மொத்தம் 5,000 கோடிக்கும் மேல ஈ. இருபத்தோரு வருஷம்.

அதோட சுபம் போட முடியல. 2024-ல் அதே ஒக்கினாவாவில் கொடிக்காயைத் தாக்கற இன்னொரு பழ ஈ முளைச்சு, 2025-ல் திரும்பவும் அவசரக் கட்டுப்பாடு, பாகற்காயை வெளியே அனுப்பறதுலயும் திரும்பவும் கெடுபிடி. ஈ ஓயாது.

இதையெல்லாம் படிச்சதுல எனக்குப் பட்டது ஒண்ணுதான். மருந்து, கதிர்வீச்சு, விமானம் எல்லாம் ஒரு பக்கம். ஜெயிச்ச இடத்துல எல்லாம் ஒரு ஊரே, ஒரு தீவே சேர்ந்து பண்ணியிருக்கு. பாதிப் பேர் பண்ணி மீதிப் பேர் சும்மா இருந்த இடத்துல ஈ ஜெயிச்சிருக்கு. ஈக்குப் பட்டா, சிட்டா தெரியாது. காம்பவுண்டு சுவர் அதுக்கு உக்காந்து கால் தேய்க்கற இடம்.

*

அப்பாகிட்ட சொல்ல எனக்கு நாலு நாள் ஆச்சு. கோட்ல தப்பு உங்களோடதுன்னு மேனேஜர்கிட்ட சொல்றதே கஷ்டம். இவர் அப்பா.

சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு பாட்டிலையும் பூதக்கண்ணாடியையும் (அவரோடதுதான், டூல் ரூம்ல வெச்சிருந்தது) மாடிக்கு எடுத்துட்டுப் போனேன். ஒண்ணும் சொல்லாம கையில குடுத்தேன். அவர் ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தார்.

"இது?"

"பாகல்லேர்ந்து வந்ததுப்பா."

"இது?"

"கொய்யா."

ரொம்ப நேரம் பார்த்தார். நான் உரத் தொட்டி பக்கம் திரும்பினேன். விளக்கிச் சொல்லத் தேவையே இருக்கல. தொட்டி மேல பட்டை இறக்கை ஒண்ணு உக்காந்திருந்தது.

"டூல் ரூம்ல பசங்களுக்கு என்ன சொல்வேன் தெரியுமா?"ன்னார். "பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா ஆபரேட்டரைத் திட்டாத, முதல்ல உன் கேஜைப் பாருடான்னு." பாட்டிலைக் கீழ வெச்சார். "நான் கேஜைப் பார்க்காம மரத்தை வெட்டிட்டேன்."

அதுக்கு மேல ஒண்ணும் பேசல. அன்னைக்கு ராத்திரி சரியா சாப்பிடவும் இல்ல. இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோன்னு தோணிச்சு எனக்கு.

மறுநாள் காலையில தொட்டியில இருந்த அவ்ளோ காயையும் மண்ணையும் கறுப்பு பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி, மாடி நடு வெயில்ல வெச்சுட்டார். உள்ள இருக்கற புழு சூட்டுலயே போயிடும், காசு செலவில்லாத வைத்தியம். நான் வாங்கின நாலு க்யூ லூர் பொறியில ரெண்டை எடுத்துக்கிட்டார். சட்டையை மாட்டினார். கேட்டைத் திறந்துக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

நான் மாடியிலேர்ந்து ஒட்டுக்கேட்டேன் (ஆமா, கேட்டேன்). அப்பா சொன்னது தெளிவாக் காதுல விழல. அங்கிள் குரல் மட்டும் கேட்டுது.

"ஈக்காக வந்தியா, கிளைக்காக வந்தியா?"

அப்பா என்னவோ சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அங்கிள், "வெட்டினது வெட்டினதுதான்யா. திரும்ப வளர ரெண்டு வருஷம் ஆகும்."

"வளரட்டும். இந்தத் தடவையும் என் பக்கமே வளரட்டும்."

*

இது நடந்து மூணு மாசம் ஆச்சு. எல்லாம் மாறிடுச்சுன்னு சினிமா மாதிரி முடிக்க ஆசைதான். முடியல. அங்கிள் இன்னும் பழைய மாதிரி சிரிக்கறதில்ல. ஆனா தினமும் காலையில ரெண்டு பேரும் ஆளுக்கொரு கவரை எடுத்துக்கிட்டு அவங்கவங்க பக்கம் குனிஞ்சு விழுந்த காய், பழம் பொறுக்கறாங்க. மெத்தில் யூஜினால் டப்பாவை அங்கிள் கொய்யாவுக்கே குடுத்துட்டோம், அதுக்கு உரிய இடம் அதுதானே. பாகல் பிஞ்சா இருக்கும்போதே அம்மா பேப்பர் பை மாட்டிடறாங்க. தொட்டி மண்ணை வாரம் ஒரு தடவை அப்பா கிளறி விடறார், கூட்டுப்புழு வெயில்ல காய.

கணக்கு வேணும்னா: கடைசியாப் பறிச்ச 15 பாகற்காய்ல 11 தேறுச்சு. ஆன்ட்டி புடலை ஓரளவுக்கு நேரா வருது. முழு வெற்றி கிடையாது. மூணாவது வீட்ல பூசணிக்கொடி ஒண்ணு குப்பைமேட்டுல தானா ஏறியிருக்கு, அவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் அங்கிளும் அடுத்த ஞாயிறு அங்கே போறதாப் பேச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து போற முதல் இடம் இதுதான், பங்குனிக்கு அப்புறம்.

உங்க வீட்டுப் பாகல்ல புழு வந்தா பக்கத்து வீட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி உங்க உரத் தொட்டியை ஒரு தடவை திறந்து பாருங்க மக்களே. நம்பலைன்னா ஒரு பாட்டில், கொஞ்சம் மணல், ரெண்டு வாரம் பொறுமை. அவ்ளோதான் செலவு.

அம்மா மட்டும் இன்னும் பாகற்காயைக் கையை முழுசா நீட்டி, முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் பிளக்கறாங்க.